இலையில்லாத ரோஜாக் குச்சி பிழைக்குமா?

தம்பி, பாலக்கோட்டிலிருந்து நவம்பரில் குடும்பத்தோடு பர்மிங்காம் வரப்போவதாக எழுதி, வாடகை வீடு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், குளிர் உடுப்பு எல்லாம் விசாரித்திருந்தீர்கள். உங்கள் மனைவி ரோஜா வளர்க்க ஆசைப்படுகிறார், இங்கே இலையில்லாத குச்சியைப் பேர்ரூட் என்று விற்கிறார்களே, அது பிழைக்குமா என்றும் கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். மற்றதற்கெல்லாம் பதில் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். குளிர் உடுப்பை மட்டும் இங்கே வந்து வாங்குங்கள். நான் ரோஜாவுக்கு வருகிறேன்.

பிழைக்கும், தைரியமாக வாங்குங்கள். குளிர்காலத்தில் இங்கே செடி இலையை உதிர்த்துவிட்டு உறங்கும். அப்போது வயலிலிருந்து பிடுங்கி, மண்ணை உதறி, வெறும் வேரோடு அனுப்புவார்கள். நவம்பர் முதல் மார்ச் வரை இதற்குப் பருவம். தொட்டிச் செடியைவிட விலை குறைவு, ரகமும் அதிகம்.

என் கவலை, எங்கே வாங்குவீர்கள் என்பதுதான். நம் ஆட்கள் பலர் சூப்பர்மார்க்கெட்டில் பிளாஸ்டிக் பையில் கிடப்பதை எடுத்து வருகிறார்கள். ஹீட்டர் சூட்டில் கிடந்து வேர் காய்ந்து, குச்சியில் வெளிறிய துளிர் விட்டிருக்கும். அதை நட்டுவிட்டு, "இந்த ஊர் மண்ணுக்கு ரோஜா வராது" என்று எல்லோரிடமும் சொல்வார்கள். ரோஜாவுக்குப் பேர்போன இங்கிலாந்தில் இருந்துகொண்டு இப்படிப் பேசினால் எனக்குக் கோபம் வருகிறது. தோட்டம் முழுக்கக் கல் பாவிவிட்டு நேரமில்லை என்பவர்களைப் பார்த்தால் இன்னும் கோபம். ரோஜா மட்டுமே வளர்க்கும் நர்சரியில் முன்கூட்டியே ஆர்டர் போடுங்கள்.

பார்சல் வந்ததும் வேரை இரண்டு மணி நேரமாவது வாளித் தண்ணீரில் வையுங்கள். நடும்வரை காற்றில் காயவிடாதீர்கள். மண் உறைந்திருந்தால் ஈரக் காம்போஸ்டில் வேரைப் புதைத்து ஷெட்டில் வைத்துவிடலாம். அப்புறம், ஓசூர்ப் பக்கம், செடியில் ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும் என்பார்கள். இங்கே அது மண்ணுக்குள் இரண்டு அங்குலம் இறங்க வேண்டும். பனி தாக்காது, காற்றுக்குச் செடி ஆடாது, ஒட்டுக்குக் கீழே வேரோடு இருக்கும் அடிச்செடியிலிருந்து காட்டுத் தண்டு கிளம்புவதும் குறையும். பழைய ரோஜா நின்ற இடத்தில் புதிதை நடாதீர்கள், தேறாது.

ரகம் என்றால் எனக்கு வாசனைதான் முதலில். பாகலூர்ப் பக்கம் பசுமைக்குடிலில் வளர்ந்து காதலர் தினத்துக்கு விமானம் ஏறும் தாஜ்மஹால் ரக ரோஜா பார்க்க அழகு, வாசனை சொல்லும்படி இருக்காது. ‘கெர்ட்ரூட் ஜெக்கில்’ என்ற ரோஜாவை வாங்குங்கள். புது ரோஜா ரகங்களை உருவாக்கிய டேவிட் ஆஸ்டின் 1986இல் வெளியிட்ட ரகம். நம் பன்னீர் ரோஜாவுக்கு இவ்வளவு நெருங்கிய வாசனையை இங்கே வேறு எதிலும் நான் முகர்ந்ததில்லை. முள் அதிகம், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

வாடகை வீட்டில் தரையில் நட்டுவிடாதீர்கள். பெரிய, ஆழமான தொட்டி வாங்குங்கள். நான் 2003 ஜனவரியில் ராயக்கோட்டையிலிருந்து வந்து இறங்கியபோது கிடைத்தது ஒற்றை அறை. சுவரெல்லாம் பூஞ்சணம். மீட்டரில் முன்பணம் கட்டினால்தான் ஹீட்டர் எரியும். அந்த வீட்டின் பின்பக்கம் நான் நட்ட செடிகள் நன்றாகப் பூக்கத் தொடங்கியதும் வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். செடிகளைத் தரவில்லை. தரையில் நட்டது நிலத்தோடு சேர்ந்தது என்றார், பொதுவாக இங்கே சட்டமும் அதுதான். அன்று எனக்கு அதைச் சொல்ல ஆளில்லை.

ஊரில் என் சின்னம்மா வீட்டில் விடிவதற்குள் பூப்பறித்து மார்க்கெட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கவாத்து வேலை எனக்கு அங்கே பழகியது. இங்கே பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பாட்டி, நான் வெளிப்பக்கம் பார்க்கும் மொட்டுக்கு மேலே சாய்த்து வெட்டுவதைப் பார்த்து, "உனக்கு யார் கற்றுக்கொடுத்தது?" என்று கேட்டார். சின்னம்மா பேரைச் சொன்னேன். அந்தப் பாட்டி காலமாகும்வரை அவர் வீட்டு ரோஜாவுக்கும் நான்தான் கவாத்து. இப்போது பிப்ரவரி கடைசி ஆனால் தெருவில் பலரும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். நீங்கள் வந்ததும் தோட்டத்தில் எந்தப் பக்கம் வெயில் நிற்கிறது என்று பார்த்து எழுதுங்கள், தொட்டியை எங்கே வைப்பது என்று சொல்கிறேன்.