டச்சுக்காரர்கள் எண்ணெய் தர மறுத்தார்களா?

கேள்வி: முதுகலை வரலாறு படிக்கிறேன். துறைக் கருத்தரங்கில் பத்து நிமிடம் பேச வேண்டும். "டச்சுக்காரர்கள் எண்ணெய் தர மறுத்ததால் ஜப்பான் இந்தோனேசியாவைப் பிடித்தது" என்று குறிப்பு எடுத்திருக்கிறேன். அப்படியே சொல்லலாமா?

பதில்: வேண்டாம், கேள்வி நேரத்தில் மாட்டிக்கொள்வீர்கள். 1941 ஜூலை வரை டச்சுக்காரர்கள் எண்ணெயை விற்றுக்கொண்டுதான் இருந்தார்கள்.

1940 மே மாதத்திலிருந்து தொடங்குங்கள். ஜெர்மனி நெதர்லாந்தைப் பிடித்தது, டச்சு அரசு லண்டனுக்குப் போய்விட்டது. டச்சுக் காலனியாக இருந்த இந்தோனேசியாவுக்குப் பின்பலம் இல்லை என்று தெரிந்ததும் டோக்கியோ 13 பொருள்களின் பட்டியலை நீட்டி, வருடாவருடம் தருவதாக உறுதி கேட்டது. எண்ணெய் 10 லட்சம் டன், அலுமினியத் தாதுவான பாக்சைட் 2 லட்சம், ரப்பர் 20,000, வெள்ளீயம் 3,000. மலேரியா மருந்தான கொய்னாவுக்கான சின்கோனா பட்டைகூட அதில் உண்டு.

செப்டம்பரில் வர்த்தக அமைச்சர் கோபயாஷி இச்சிசோ படேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, வந்தார். அதற்குள் எண்ணெய்க் கணக்கு 31.5 லட்சம் டன்னாக ஏறிவிட்டது. டச்சுத் தரப்பில் பேசிய வான் மூக் சாமர்த்தியக்காரர். எண்ணெய் கம்பெனிகளுடையது, அவர்களிடமே பேசிக்கொள்ளுங்கள் என்று தள்ளிவிட்டார். நவம்பரில் படிந்தது சுமார் 18 லட்சம் டன். ஜப்பான் குறிவைத்த உயர்ரக விமானப் பெட்ரோல் அதில் சொற்பம்தான். நடுவில், கோபயாஷி படேவியாவில் இருக்கும்போதே, செப்டம்பர் 27 அன்று ஜப்பான் ஜெர்மனியுடனும் இத்தாலியுடனும் உடன்படிக்கை செய்துகொண்டது. தாய்நாட்டை ஆக்கிரமித்தவனுக்குக் கூட்டாளியாகிவிட்டு இங்கே நட்பு பேசினால் யார் நம்புவார்கள்?

அடுத்து வந்த யோஷிசாவா கென்கிச்சி 1941 ஜனவரியில் வைத்த கோரிக்கைகளை நிதானமாக விளக்குங்கள். சுரங்க உரிமை, மீன்பிடி உரிமை, குடியேற்றம், விமானப் போக்குவரத்து எல்லாம் கேட்டார். என் பார்வையில் இது சரக்கு வாங்கும் பேச்சே அல்ல, காலூன்ற இடம் பிடிக்கும் வேலை. டச்சுக்காரர்களும் அப்படித்தான் பார்த்தார்கள். ரப்பரும் வெள்ளீயமும் ஜப்பான் வழியாகச் சைபீரிய ரயிலில் ஜெர்மனிக்குப் போய்விடும் என்று பயந்து அவற்றின் அளவைக் குறைத்தார்கள். ஜூன் 17-இல் பேச்சு முறிந்தது. வேடிக்கை என்னவென்றால், ஐந்தே நாளில் ஹிட்லர் சோவியத் மீது பாய்ந்து அந்த ரயில் வழியைத் தானே அடைத்துவிட்டார்!

ஜூலையில் ஜப்பானியப் படை பிரெஞ்சுக் காலனியான தெற்கு இந்தோசீனாவை, அதாவது இன்றைய தெற்கு வியட்நாம் பக்கத்தை, நோக்கி நகர்ந்தது. அமெரிக்கா ஜப்பானியச் சொத்துகளை முடக்கியது, டச்சுக்காரர்களும் பின்தொடர்ந்தார்கள், எண்ணெய் நின்றது. இந்த வரிசை மாறக் கூடாது. ஜப்பான் பக்கத்து நியாயத்தையும் ஒரு வரி சொல்லிவிடுங்கள்: அதன் எண்ணெயில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வந்தது, அந்த அமெரிக்கா 1940-லேயே விமான எரிபொருள், பழைய இரும்பு என்று ஒவ்வொன்றாக இறுக்கத் தொடங்கியிருந்தது.

பத்து நிமிடத்தில் ஆறு நிமிடமாவது படேவியாவுக்குக் கொடுங்கள். 1942 பிப்ரவரியில் சுமத்ராவின் பாலெம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளைப் பிடிக்க ஜப்பானியப் பாராசூட் வீரர்கள் குதித்த கதை எல்லோருக்கும் தெரிந்தது, அதற்கு ஒரு வாக்கியம் போதும்.