அம்மா பின்சீட்டில் உட்காரட்டும், பிறகு வண்டியைப் பேசுவோம்

கேள்வி: சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருக்கிறேன், வயது 43. 2017 மாடல் போலோ ஜிடி டிஎஸ்ஐ வைத்திருக்கிறேன், 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வாரம் ஒரு தடவை ஏற்காட்டில் நாகலூர் பக்கம் இருக்கும் எங்கள் சின்னக் காப்பித் தோட்டத்துக்கு, மாதம் இரண்டு தடவை கோவைக்கு. போன வருஷம் எனக்கு முதுகில் டிஸ்க் தொந்தரவு வந்தது. அம்மாவுக்கு 71, மூட்டு வலி. "குழிக்குள்ள இறங்கி ஏறுற மாதிரி இருக்குடா" என்று காரில் ஏறவே மாட்டேன் என்கிறார். வீட்டில் எல்லோரும் எஸ்யூவி வாங்கச் சொல்கிறார்கள். ஆன்-ரோடு 20 லட்சம் வரை போகலாம். ஆனால் கொண்டை ஊசி வளைவில் போலோ திரும்புகிற சுகம் போய்விடுமோ என்று மனசு கேட்கவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் ஒரு மெக்கானிக்கிடம் போங்கள், ஷோரூமுக்கு அப்புறம் போகலாம். 92,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியில் ஷாக் அப்சார்பர் இன்னும் அதே பழையதுதான் என்றால், நீங்கள் இப்போது ஓட்டுவது 2017இல் வாங்கிய போலோவே இல்லை. ஷாக் அப்சார்பர் ஒரே நாளில் சாவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். அதனால் ஓட்டுகிறவருக்கே தெரியாது, முதுகுக்குத்தான் தெரியும். லிங்க் ராடு, கண்ட்ரோல் ஆர்ம் புஷ் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். விற்பதாக இருந்தாலும் "கடக் கடக்" சத்தம் இல்லாத வண்டிக்கு விலை கூடக் கிடைக்கும். 2022இல் இந்தியாவில் போலோ நின்றுபோனதால் நல்ல ஜிடி டிஎஸ்ஐக்கு ரசிகர்கள் இருக்கிறார்கள். எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடாமல் அவர்களிடம் நேரில் கொடுங்கள்.

ஆனால் அம்மா சொன்ன "குழி" மெக்கானிக்கால் சரியாகாது. அது சீட்டின் உயரம். மூட்டு வலி உள்ளவர் காரில் ஏறும்போது இடுப்பைக் கீழே இறக்கவும் கூடாது, காலை மேலே தூக்கவும் கூடாது. பின்புறத்தை அப்படியே சீட்டில் வைத்துவிட்டு, காலைத் திருப்பி உள்ளே வைக்கிற உயரம் வேண்டும். போலோவில் இறங்க வேண்டியிருக்கிறது. ஸ்கார்ப்பியோ-என் மாதிரி லேடர் ஃபிரேம் வண்டியில் (லாரி போலத் தனி இரும்புச் சட்டத்தின் மேல் உட்காரும் வகை) ஏற வேண்டியிருக்கும், படி போட்டாலும் ஏறத்தான் வேண்டும். "பெரிய வண்டி, அம்மாவுக்கு வசதி" என்று வாங்கிவிட்டு, பிறகு பிளாஸ்டிக் முக்காலி ஒன்றையும் டிக்கியில் போட்டுக்கொண்டு திரிகிறவர்களை அஸ்தம்பட்டியில் நானே பார்த்திருக்கிறேன். உங்கள் அம்மாவுக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில் இருக்கும் உயரம். ஃபோக்ஸ்வாகன் டைகுன், ஸ்கோடா குஷாக், ஹோண்டா எலிவேட், ஹூண்டாய் கிரெட்டா, மாருதி கிராண்ட் விட்டாரா எல்லாம் அந்த வகைதான்.

இனி உங்கள் முதுகு. உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு செங்குத்தாக வரும் அதிர்வில் நொடிக்கு 4 முதல் 8 தடவை வரை குலுங்குவதைத்தான் அதிகம் உணர்கிறது. தார் பெயர்ந்த ரோட்டில் இறுக்கமான வண்டி கொடுக்கும் "தடதட"வில் இந்த வட்டாரமும் சேரும். இதைக் குறைப்பதில் டயருக்குப் பெரிய பங்கு உண்டு, அதைத்தான் யாரும் பேசுவதில்லை. டயரின் பக்கச்சுவர் எவ்வளவு உயரமோ அவ்வளவு காற்றுமெத்தை. உங்கள் போலோவில் 195/55 ஆர்16 டயர் (அகலம் 195 மில்லிமீட்டர், பக்கச்சுவர் அதில் 55 சதவீதம், சக்கரம் 16 அங்குலம்) என்றால் பக்கச்சுவர் 107 மில்லிமீட்டர். டைகுன், குஷாக் டாப் மாடலில் வரும் 205/55 ஆர்17க்கு 113தான். எஸ்யூவிக்கு மாறி நீங்கள் சம்பாதித்தது ஆறு மில்லிமீட்டர்! அதே வண்டிகளின் கீழ் மாடலில் 205/60 ஆர்16 வரும், அதில் 123. எலிவேட்டில் மேலே 215/55 ஆர்17, கீழே 215/60 ஆர்16. அங்கே 118, இங்கே 129. ஆக, பணம் கூடக் கொடுக்கக் கொடுக்க சக்கரம் பெரிதாகிறது, மெத்தை ஒல்லியாகிறது. டைமண்ட் கட் அலாய் பார்க்க அழகுதான், குழியில் இறங்கும்போது அதன் அழகு முதுகெலும்புக்குத் தெரியாது. கடையில் "டாப் எண்டே எடுத்துடுங்க சார், சன்ரூஃப் வருது" என்பார்கள். சேலத்து மே மாத வெயிலில் சன்ரூஃப் எதற்கு என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எஸ்யூவி என்றாலே சஸ்பென்ஷன் வேறு என்ற நினைப்பும் பரவலாக இருக்கிறது. நான் மேலே சொன்ன நடு உயர வண்டிகளில் முன்னால் ஸ்ட்ரட், பின்னால் ட்விஸ்ட் பீம் (இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் ஒரே உத்தரம்). உங்கள் போலோவிலும் அதேதான். வித்தியாசம் சஸ்பென்ஷன் விளையாடும் நீளத்திலும், டயரிலும், முன் பின் சக்கரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியிலும் இருக்கிறது. போலோவில் அந்த இடைவெளி சுமார் 2.47 மீட்டர், டைகுனில் 2.65. அந்தப் பதினெட்டு சென்டிமீட்டரால் வேகத்தடையில் முன்னும் பின்னும் ஆடுவது குறையும். பின்சீட்டில் இருக்கும் அம்மாவும் பின்சக்கரத்தின் தலைமேல் உட்காராமல் கொஞ்சம் முன்னால் உட்காருவார். பின்னால் தனித்தனி சஸ்பென்ஷன் வேண்டுமென்றால் எக்ஸ்யூவி700 மாதிரி வண்டிக்குப் போக வேண்டும். கோவை ஹைவேயில் அது சொகுசுதான். ஆனால் அகலம் 1.89 மீட்டர், உங்கள் போலோ 1.68. வளைவில் எதிரே பஸ் வரும்போது அந்த இருபது சென்டிமீட்டர் எங்கே போகும் என்று நினைத்துப் பாருங்கள்.

மலைக்கு வருவோம். உங்கள் கேள்வியின் உயிரே அங்கேதான் இருக்கிறது. சேலத்திலிருந்து அடிவாரம் வழியாக ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,200 மீட்டர். ஏற்காட்டின் 1,500 மீட்டர் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு. டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத பெட்ரோல் இன்ஜினுக்கு அங்கே ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு சக்தி குறைந்துவிடும். டர்போ அதைப் பெருமளவு ஈடுகட்டிக்கொள்ளும். அதனால்தான் எலிவேட் நல்ல வண்டியாக இருந்தும் உங்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். அதன் 1.5 லிட்டர் இன்ஜினில் டர்போ கிடையாது. படிப்படியான கியர் இல்லாத சிவிடி ஆட்டோமேட்டிக்கோடு சேர்த்து ஏற்றத்தில் மிதித்தால் சத்தம் முன்னால் போகும், வண்டி பின்னால் வரும். டர்போ உள்ள டிஎஸ்ஐ ஓட்டிப் பழகிய கால் அதைப் பொறுக்காது.

ஹைபிரிட் பற்றியும் கேட்பீர்கள். கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் இரண்டிலும் வரும் ஸ்ட்ராங் ஹைபிரிட் (பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் வண்டியை ஓட்டும் வகை) ஊருக்குள் பெட்ரோலை மிச்சப்படுத்துவதில் கெட்டி. "மலையிறக்கத்தில் பிரேக் பிடித்தால் பேட்டரி நிறையும், பிரேக் தேயாது" என்று ஒரு பேச்சும் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு பேரோடு 1,600 கிலோ வண்டி 1,200 மீட்டர் இறங்கினால் அதில் இருக்கும் ஆற்றல், நம் மின்சார பில் கணக்கில் சொன்னால், ஐந்து யூனிட்டுக்கு மேல். அந்த பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 0.76 யூனிட். மலையில் பாதி இறங்குவதற்குள் குடம் நிறைந்துவிடும். அதற்கப்புறம் மற்ற வண்டிகளைப் போல இன்ஜினை வைத்துத்தான் வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். தவறில்லை, ஆனால் அதற்காகவே வாங்காதீர்கள். போதாததற்கு ஹைபிரிட்டில் பேட்டரி டிக்கியில் கொஞ்சம் இடத்தைத் தின்றுவிடுகிறது, உங்களுக்கோ காப்பி மூட்டை ஏற்ற வேண்டும்.

இப்போது வளைவில் திரும்புகிற அந்தச் சுகம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அது கொஞ்சம் குறையத்தான் செய்யும். வண்டி உயர உயர எடையின் மையம் மேலே போகிறது, வளைவில் உடம்பு சாய்கிறது. சாயாமல் இருக்க ஸ்பிரிங்கை இறுக்கினால் சொகுசு போகிறது. மெத்தென்று விட்டால் பின்சீட்டில் வாந்தி. பயண வாந்திக்கு மிகவும் தோதான ஆட்டம் ஐந்து நொடிக்கு ஒரு தடவை வருகிற மெதுவான ஆட்டம், தொட்டில் மாதிரி. உயரமான மெத்தென்ற வண்டியில் தொடர்ந்து கொண்டை ஊசி ஏறும்போது கிட்டத்தட்ட அந்தத் தாளத்தில்தான் ஆடுவோம். ஒரு காலத்தில் நானும் சின்ன வண்டியை விற்றுவிட்டு உயரமான ஒன்றை வாங்கினேன். முதல் ஏற்காடு பயணத்தில் 14ஆம் வளைவில் என் மகள் பின்சீட்டில் வாந்தியெடுத்தாள். பழைய வண்டியில் ஒரு நாளும் எடுத்ததில்லை. தரை விரிப்பைக் கழுவிக்கொண்டே "சொகுசு" என்ற வார்த்தையை நிறைய யோசித்தேன்.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது டைகுன் அல்லது குஷாக். அதிலும் 1.0 டிஎஸ்ஐ, டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக் (கிளட்ச்சுக்குப் பதில் எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்துவது), 16 அங்குல சக்கரம் வரும் நடு மாடல். 1.5 டிஎஸ்ஐயின் 150 குதிரைசக்தி ஆசை காட்டும். ஆனால் அதன் ஆட்டோமேட்டிக்கில் உங்கள் போலோவில் இருக்கும் அதே டிஎஸ்ஜி கியர்பாக்ஸ் வகை, எண்ணெயில் நனையாத உலர் கிளட்ச். விடுமுறை நாளில் பஸ்ஸுக்குப் பின்னால் அங்குலம் அங்குலமாக ஏறும்போது அந்த கிளட்ச் சூடாவது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மெதுவாக ஊர்வதற்கு டார்க் கன்வெர்ட்டர்தான் பொறுமைசாலி. சக்தி குறைந்துவிடுமா? உங்கள் ஜிடி 105 குதிரைசக்தி, 175 நியூட்டன் மீட்டர். புது 1.0 டிஎஸ்ஐ 115, 178. எடை நூறு, நூற்றைம்பது கிலோ கூடும். ஏறக்குறைய நீங்கள் பழகிய அதே இழுவைதான், ஓர் ஆளை அதிகம் ஏற்றிக்கொண்ட மாதிரி இருக்கும். இந்த வகை வண்டிகளில் வளைவில் அதிகம் சாயாமல் உடம்பைக் கட்டுக்குள் வைத்திருப்பதும் இவைதான். கிரெட்டா அளவுக்குப் பின்சீட்டு இடம் இருக்காது, கேபினும் கொஞ்சம் சாதாரணம். பின்னால் டிரம் பிரேக் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள், சிரித்துவிட்டுப் போங்கள்.

வரியையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்குள், 1,200 சிசி வரை உள்ள பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், இவற்றைப் போன்ற பெரியவற்றுக்கு 40. அந்தக் குட்டி எஸ்யூவிகளில் நல்லவையும் உண்டு, பணமும் மிஞ்சும். ஆனால் சக்கரங்களுக்கு நடுவே நீங்கள் தேடுகிற அந்தப் பதினெட்டு சென்டிமீட்டர் முழுதாகக் கிடைக்காது.

டெஸ்ட் டிரைவ் என்று ஐந்து ரோடு பாலத்தில் ஒரு ரவுண்டு அடித்துவிட்டு வந்துவிடாதீர்கள். கோரிமேடு தாண்டி அடிவாரம் போய் நாலு வளைவாவது ஏறி இறங்க வேண்டும் என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஒத்துக்கொள்ளாத கடையில் வாங்க வேண்டாம். அம்மாவைப் பின்சீட்டில் உட்கார வையுங்கள், மூன்று தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள், அவர் கை எதைப் பிடிக்கிறது என்று பாருங்கள். ஆள் இல்லாத எஸ்யூவியின் பின்பக்கம் துள்ளும், ஆள் ஏறினால் அடங்கும். தனியாக ஓட்டிப் பார்த்தால் தப்பான தீர்ப்புதான் கிடைக்கும். பிறகு ஒரு நடை நீங்களும் பின்னால் உட்காருங்கள், ஓட்டுவதை வேறு யாராவது செய்யட்டும்.

வாங்கிய பிறகு இரண்டு பழக்கங்களை மாற்ற வேண்டியிருக்கும். போலோவில் வளைவுக்குள் போய்க்கொண்டே பிரேக் பிடித்திருப்பீர்கள். இதில் வளைவுக்கு முன்னாலேயே பிடித்து முடித்துவிட்டு, நிதானமாகத் திருப்பி, வெளியே வரும்போது மிதியுங்கள். சாய்வு குறையும், பின்சீட்டும் சுத்தமாக இருக்கும். இறங்கும்போது கியரை மேனுவல் பக்கம் தள்ளி இரண்டிலோ மூன்றிலோ வைத்துக்கொள்ளுங்கள். 'டி'யில் போட்டுவிட்டு பிரேக்கை மிதித்தபடியே அடிவாரம் வரை வந்தால் கருகிய வாசனைதான் வரவேற்கும். முன்கண்ணாடி ஓரத்துத் தூணும் பருமன். வளைவில் எதிரே வரும் பைக் அதற்குள் மறைந்துவிடும், தலையைக் கொஞ்சம் முன்னே பின்னே ஆட்டிப் பாருங்கள்.

இன்னொன்று. டெலிவரி எடுத்த அன்றே டயர் காற்றைப் பார்த்துவிடுங்கள். யார்டில் நாள்கணக்கில் நிற்கும் வண்டி என்பதால் கூடுதலாக அடித்திருப்பார்கள், அதை அப்படியே கையில் கொடுத்துவிடுவதும் உண்டு. கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவைப் பார்த்து, டயர் சூடாகாத காலை நேரத்தில் சரிசெய்யுங்கள். "வண்டி தூக்கித் தூக்கிப் போடுது" என்று முதல் வாரம் எனக்கு ஃபோன் செய்கிறவர்களில் பாதிப் பேருக்கு அங்கேயே தீர்ந்துவிடுகிறது.