விலை குறைந்த ஏர் பிஸ்டலில் ரெட் டாட் பொருத்திப் போட்டியில் சுடலாமா?

சேலத்திலிருந்து மாவட்ட அளவிலான 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டிக்குத் தயாராகும் நீங்கள், குறைந்த விலைத் துப்பாக்கியில் ரெட் டாட் (இலக்கின் மேல் சிவப்புப் புள்ளி தெரியும்படி காட்டும் ஒளிக் குறிநோக்கி) பொருத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பொருத்தக் கூடாது. சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பான ஐஎஸ்எஸ்எஃப் விதிப்படி இப்பிரிவில் திறந்த குறிநோக்கிகளுக்கு (வில்லையோ ஒளிப்புள்ளியோ இல்லாத முன்குறி, பின்குறி) மட்டுமே அனுமதி உண்டு. நடைமுறைச் சுடுதல் போட்டிகளுக்கான ஐபிஎஸ்சி அமைப்பின் புரொடக்‌ஷன் ஆப்டிக்ஸ் பிரிவு ரெட் டாட்டை ஏற்றாலும் அது முற்றிலும் வேறு விளையாட்டு.

துப்பாக்கியின் விலையை யாரும் கேட்கப்போவதில்லை. 4.5 மி.மீ. குண்டு, 1,500 கிராமுக்கு மிகாத எடை, 500 கிராமுக்குக் குறையாத விசையழுத்தம் (டிரிகரை இழுக்கத் தேவையான பளு) போன்றவைதான் சோதிக்கப்படும். குழாயை மேல்நோக்கி நிறுத்தி, விசையில் 500 கிராம் எடைக்கல்லைத் தொங்கவிட்டுத் தூக்கும்போது விசை விடுபடக் கூடாது. கார்பன் டை ஆக்சைடு வாயுவால் இயங்கும் மலிவான சிஓ2 துப்பாக்கிகளில் விசை பெரும்பாலும் நீளமாகவும் கரடுமுரடாகவும் இருக்கும் என்பதோடு, குளிரில் வாயு அழுத்தம் குறைவதால், ஏற்காட்டின் மார்கழிக் காலையில் சுட்டால் குண்டின் வேகமும் குறையும்.

பயிற்சியில் ரெட் டாட்டுக்கு ஓரளவு பயன் உண்டு. விசையை இழுக்கும் நொடியில் மணிக்கட்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் புள்ளி உடனே காட்டிவிடும். ஆனால் 3 எம்ஓஏ (ஒரு எம்ஓஏ என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) அளவுள்ள புள்ளி 10 மீட்டரில் ஏறத்தாழ 8.7 மி.மீ. அகலத்தை மறைக்கும், பத்து மதிப்பெண் வளையமே 11.5 மி.மீ. தான். அதைவிட முக்கியமாக, ரெட் டாட்டில் கண் இலக்கின் மீது நிலைக்கிறது. திறந்த குறிநோக்கியிலோ முன்குறி கூர்மையாகவும் இலக்கு மங்கலாகவும் தெரிய வேண்டும். ஆகவே போட்டி நெருங்கும் வாரங்களில் ரெட் டாட்டைக் கழற்றி வைத்துவிடுங்கள்.