பேர்டு டி டெஸ்டா, அன்பேர்டு டி டெஸ்டா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எம்எஸ்சி நர்சிங் கடைசி வருஷம் படிக்கிறேன் சார். முழங்கால் வலி உள்ள 60 பேரை குலுக்கல்ல ரெண்டா பிரிச்சு 30 பேருக்கு வெந்நீர் ஒத்தடம், மீதி 30 பேருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். முன்னாடியும் பின்னாடியும் 0 முதல் 10 வரை வலி ஸ்கோர் எடுத்தாச்சு. சீனியர் அக்கா ஒவ்வொரு குரூப்புக்கும் பேர்டு டி டெஸ்ட் போடுன்றாங்க, கைடு மேடம் அன்பேர்டுன்றாங்க. யார் சொல்றதை கேக்குறது? (பெயர் வேண்டாம், ஈரோடு)

பதில்: மேடம் பேச்சை கேளும்மா. அக்கா சொல்றதுதான் பாதி தீசிஸ்ல இருக்கு, அதனால அது சரின்னு ஆயிடாது. டி டெஸ்ட்னா ரெண்டு சராசரிக்கு நடுவுல இருக்கற வித்தியாசம் தற்செயலா வந்திருக்குமான்னு பாக்குற கணக்கு. பேர்டு டெஸ்ட் ஒரே ஆளோட முன்னயும் பின்னயும் ஒப்பிடும், அவ்ளோதான். அன்பேர்டு ரெண்டு தனித்தனி குரூப்பை ஒப்பிடும். வலி உச்சத்துல இருக்கும்போதுதான் ஆஸ்பத்திரிக்கு வர்றாங்க, நீங்க ஒண்ணும் பண்ணலைன்னாலும் அடுத்த வாரம் கொஞ்சம் குறைஞ்சிருக்கும். அதுக்குத்தானே ரெண்டாவது குரூப்பே வச்சீங்க!

சும்மா ஒரு கணக்கு பாருங்க. ஒத்தடம் குரூப்ல வலி சராசரியா 1.5 குறைஞ்சு பி வேல்யூ (உண்மையில மாற்றமே இல்லைன்னாலும் தற்செயலா இவ்ளோவோ இதுக்கு மேலயோ வித்தியாசம் வர்ற வாய்ப்பு, 0.05க்கு கீழ இருந்தா சிக்னிபிகன்ட்னு சொல்வாங்க) 0.03 வருது, இன்னொண்ணுல 1.2 குறைஞ்சு 0.07 வருதுன்னு வச்சுக்குவோம். உடனே "இது சிக்னிபிகன்ட், அது இல்ல, ஒத்தடம் ஜெயிச்சிருச்சு"ன்னு எழுதிடுவாங்க. ஆனா ரெண்டுக்கும் வித்தியாசம் வெறும் 0.3தான், அதை நேரா டெஸ்ட் பண்ணா பி வேல்யூ 0.75 கிட்ட போகும். அதாவது ஒண்ணுமே நிரூபணம் ஆகல.

அதனால ஒவ்வொருத்தருக்கும் எவ்ளோ குறைஞ்சுதுன்னு டேட்டா ஷீட்ல ஒரு காலம் (column) போட்டு, அதை ரெண்டு குரூப்புக்கும் நடுவுல அன்பேர்டு டி டெஸ்ட்ல ஒப்பிடுங்க. இதைவிட நல்லது அன்கோவா, அதாவது ஆரம்ப வித்தியாசத்தை சரிக்கட்டிட்டு குரூப்களை ஒப்பிடுற டெஸ்ட். ஆரம்ப ஸ்கோரை கோவேரியட்டா (சரிக்கட்ட வேண்டிய அளவா) கொடுத்துட்டா போதும். எஸ்பிஎஸ்எஸ்ங்கற புள்ளியியல் சாஃப்ட்வேர்ல டி டெஸ்ட் ரிசல்ட் ரெண்டு வரியா வரும், வேரியன்ஸ் (ஸ்கோர்களோட சிதறல்) சமம்னு எடுத்துக்காத கீழ் வரியை எடுங்க, அது வெல்ச் டெஸ்ட், எப்பவும் பாதுகாப்பு. ஸ்கோர் ரொம்ப ஒரு பக்கமா சாஞ்சு கிடந்தா மான் விட்னி, அது சராசரிக்கு பதிலா வரிசை எண்ணை வச்சு ஒப்பிடுற டெஸ்ட். ஆனா எல்லா டெஸ்டையும் ஓட்டிப் பாத்துட்டு 0.05க்கு கீழ வந்ததை எடுத்துக்குற வேலை மட்டும் வேண்டாம், அது ஆராய்ச்சி இல்ல.

கேள்வி: என்கிட்ட மூணு குரூப் இருக்கு. டி டெஸ்டை மூணு தடவை போட்டா ஆகாதா? (ஒரு வாசகர், தேனி)

பதில்: ஆகாது. உண்மையில வித்தியாசமே இல்லைன்னாலும் ஒரு டெஸ்ட்ல ஏமாற 5 சதவீதம் வாய்ப்பு, மூணு ஜோடியையும் ஒப்பிட்டா அது 12 சதவீதம் பக்கம் ஏறிடும். பாவம், கின்னஸ் பீர் கம்பெனியில வேலை பாத்த காசெட் 1908ல ஸ்டூடன்ட்ங்கற புனைபெயர்ல அந்த டெஸ்டை கொடுத்தப்போ நாம இப்படி வரிசையா போட்டுத் தள்ளுவோம்னு நினைச்சிருக்க மாட்டார். மூணு குரூப்பையும் ஒரே தடவையில ஒப்பிடுற அனோவா போடுங்க, எந்த ஜோடியில வித்தியாசம்னு பாக்க டுக்கி டெஸ்ட். டேபிள்ல பி வேல்யூவை மட்டும் போடாம, எவ்ளோ வித்தியாசம், அதோட 95 சதவீத கான்பிடன்ஸ் இன்டர்வல் (உண்மையான வித்தியாசம் எதுல இருந்து எது வரைக்கும் இருக்கலாம்ங்கற வரம்பு) என்னன்னும் சேர்த்துப் போடுங்க, வைவால முதல்ல அதைத்தான் கேப்பாங்க.