பேச மறுக்கும் பிள்ளைக்குச் சிரிப்பும் விளையாட்டும் உதவுமா?

பத்தாம் வகுப்பு படிக்கும் மகன் சில மாதங்களாக வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்றும், சிரிப்பும் விளையாட்டும் மனத்தைத் தேற்றும் என்று சொல்கிறார்களே, அதை நம்பலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நம்பலாம், ஆனால் தோற்பதற்கும் சிரிப்புக்கு ஆளாவதற்கும் பெரியவர் முன்வர வேண்டும். மதுரை செல்லூரில் பத்து ஆண்டுகளுக்கு மேலாக மாலை வகுப்பு நடத்துகிறேன். என் தவறு ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன்.

முதல் ஆண்டில், வகுப்பைக் கலகலப்பாக வைத்திருக்கும் எண்ணத்தில், திக்கிப் பேசும் மாணவன் ஒருவன் விடை சொன்ன விதத்தை அப்படியே நடித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். மறுநாளிலிருந்து ஒரு வாரம் அவன் வரவில்லை. எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கிலிருந்து நகை, அதாவது சிரிப்பு, பிறக்கும் என்கிறது தொல்காப்பியத்தில் உணர்ச்சி வெளிப்பாடுகளைச் சொல்லும் மெய்ப்பாட்டியல். அதைப் பலமுறை பாடமாக நடத்திய எனக்கு, எள்ளல், அதாவது கேலி, முதலில் நிற்பது அன்றுதான் உறைத்தது.

அதன் பிறகு, புத்தகத்தைத் திறக்கும் முன் பக்கத்துக் காலிமனையில் கால் மணி நேரம் விளையாட்டு என்று வைத்துக்கொண்டேன். தந்தையை இழந்து, உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து அத்தை வீட்டுக்கு வந்து சேர்ந்த சிறுவன் ஒருவன் மூன்று வாரங்களாகச் சுவரோரமாகவே நின்றான். நானும் வற்புறுத்தி அழைக்கவில்லை. ஒரு நாள் பம்பரம் விடும் முறை எனக்கு வந்தது. சாட்டையைத் தளர்வாகச் சுற்றி வீசியதில், பம்பரம் தரையைத் தொடாமல் நேராகச் சாக்கடைக்குள் போய் விழுந்தது. அதை எடுத்துக் கழுவி வட்டத்துக்குள் வைத்ததும், ஆளாளுக்குத் தங்கள் பம்பர ஆணியால் அதைக் குத்தி, ஆக்கர் வைத்துக் குழி பறித்தார்கள். அவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்; பிறகு அருகில் வந்து, “சார், ஆணியில இருந்து இறுக்கிச் சுத்தணும்” என்று சாட்டையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். அவனாக என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். தந்தையைப் பற்றிப் பேசியது பல நாள் கழித்து, நான் கேட்காமலேயே.

தனித்திருக்கும்போது சிரிப்பதைவிடப் பிறருடன் இருக்கும்போது மனிதர்கள் ஏறத்தாழ 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் புரோவைன் கண்டறிந்தார். ஆகவே எங்கள் ஊர்க்காரர் வடிவேலுவின் நகைச்சுவைக் காட்சியை மகன் அறைக்குள் தனியே பார்ப்பதும், நீங்களும் உடன் அமர்ந்து பார்ப்பதும் ஒன்றல்ல.

உறக்கமும் உணவும் குறைந்து, சாவைப் பற்றிய பேச்சு எட்டிப் பார்த்தால், விளையாட்டை நம்பிக் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் உதவி எண் 14416 இலவசம். எந்நேரமும் தமிழில் பேசலாம். மதுரையில் இருந்தால் அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நேரிலும் செல்லலாம்.

அந்த அளவுக்கு இல்லையென்றால், “வா, விளையாடினால் மனசு லேசாகும்” என்று அழைக்காதீர்கள்; அந்த வயதில் அது மருந்துச் சீட்டுப் போலத்தான் கேட்கும். கூடத்தில் கேரம் பலகையைப் போட்டுப் பெற்றோர் நீங்கள் இருவருமே ஆடத் தொடங்குங்கள். அவன் வந்து உட்கார்ந்து, உங்கள் தப்பாட்டத்தைப் பார்த்துச் சிரித்தால், அந்தச் சமயம் பார்த்து மதிப்பெண் பேச்சை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.