அந்த ஆயாவுக்குப் பெயர் என்ன?

வாசகர் கேள்வி பதில்

போன இதழில் பழைய ஆங்கில நாவல்களைப் பற்றி ஒரு பந்தி எழுதினாலும் எழுதினேன், வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். நாலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: தரம் 9 படிக்கும் என் மகள் ‘த சீக்ரட் கார்டன்’ வாசிக்கிறாள். அதில் வரும் மேரி என்ற சிறுமி கோபம் வந்தால் ஆயாவின் கன்னத்தில் அறைவாளாம். இந்தியர்கள் மனிதரே இல்லை, சலாம் போட வேண்டிய வேலைக்காரர் என்றும் சொல்கிறாள். இதை வாசிக்க விடலாமா?
– ஒரு தாய், கல்லடி

பதில்: விடுங்கள். முடித்த கையோடு ஒன்று மட்டும் கேளுங்கள்: அந்த ஆயாவுக்குப் பெயர் என்ன? தேடித் தேடிப் பார்ப்பாள், கிடைக்காது. மேரிக்குச் சட்டை போட்டுவிட்டு, அவளிடமே அறையும் வாங்கி, முதல் அத்தியாயத்திலேயே கொலராவில் செத்துப்போகிறவள் கடைசிவரை வெறும் ‘ஆயா’தான். எங்கள் பக்கத்தில் எத்தனை வீட்டுப் பெண்கள் குவைத்திலும் சவூதியிலும் பிறத்தியார் பிள்ளையைத் தூக்கி வளர்த்துவிட்டு வந்திருக்கிறார்கள், அந்தப் பிள்ளைகளுக்கு இவர்களுடைய பெயர் ஞாபகம் இருக்குமோ என்னவோ. உங்கள் மகளுக்கு இந்தக் கேள்வி விளங்காமல் போகாது.

அதே அத்தியாயத்தில் இன்னோர் இடமும் உண்டு. ஆயா வராத காலையில் மேரி மண்ணைக் குவித்துக் குவித்து, அதில் செவ்வரத்தம்பூக்களைக் குத்தித் தோட்டம் செய்து விளையாடுகிறாள். வேர் இல்லாத பூ எத்தனை மணி நேரம் நிற்கும்? பிறகு இங்கிலாந்துக்கு, யோர்க்‌ஷயருக்குப் போனதும் கை வைத்த இடமெல்லாம் முளைக்கிறது. இந்தியாவில் பிறந்ததால் முகம் மஞ்சளாம், அந்த ஊர்க் காற்றுப் பட்டதும் கன்னம் சிவக்கிறதாம். 1911இல் வந்த புத்தகம், அந்தக் காலத்து எழுத்தில் குளிர்நாட்டு மண்தான் மருந்து, எங்கள் மண் நோய். சித்திரை வெயிலில் கடற்கரையில் பந்தடித்து வளர்ந்த எனக்கு அதை வாசித்தால் சிரிப்புத்தான் வரும்.

ஆனாலும் இதை எழுதிய பேர்னெட் அம்மையார் ஒரு விஷயத்தை அழகாகக் காட்டிவிடுகிறார். பணிப்பெண் மார்த்தாவின் வீட்டில் 12 பிள்ளைகள், தகப்பனுக்கு வாரம் 16 ஷில்லிங். அந்த வீட்டுத் தாய் மகளின் சம்பளத்தில் 2 பென்ஸ் எடுத்து, நூறு அறை மாளிகையில் தனியாகக் கிடக்கும் மேரிக்கு ஒரு ஸ்கிப்பிங் கயிறு வாங்கி அனுப்புகிறாள். மேரிக்கு நன்றி சொல்லிப் பழக்கமில்லை, விறைப்பாகக் கையை நீட்டுகிறாள். தோட்டத்துக்கு உயிர் கொடுத்தவன் மார்த்தாவின் தம்பி டிக்கன். கடைசிப் பக்கத்தில் மாளிகையின் வாரிசுப் பையன் தகப்பனோடு புல்வெளியில் நடந்து வருகிறான், வேலைக்காரர்கள் ஜன்னலால் பார்க்கிறார்கள், டிக்கனைக் காணோம்.

கேள்வி: வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் இலங்கைக் காட்டைப் பற்றி எங்களைவிட நன்றாக எழுதிவிட்டார் என்று நண்பர் வாதாடுகிறார். ஒத்துக்கொள்வதா?
– வாசகர், கொக்கட்டிச்சோலை

பதில்: லெனார்ட் வுல்ஃபின் ‘த விலேஜ் இன் த ஜங்கிள்’ நாவலைத்தான் சொல்கிறார் போலும். 1904இல் சிவில் சேவைக்கு வந்தவர், யாழ்ப்பாணம், கண்டி என்று இருந்துவிட்டு 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபர். லீவில் ஊருக்குப் போனவர் திரும்பவில்லை, வேலையை விட்டுவிட்டு, பின்னாளில் பெரிய எழுத்தாளரான வேர்ஜினியாவைக் கட்டிக்கொண்டார், 1913இல் நாவல் வந்தது.

‘எங்களைவிட’ என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அவருடைய காடு யாருடைய மனதையும் ஆற்றுகிற காடு இல்லை, அந்த வகையில் யோர்க்‌ஷயர் தோட்டத்துக்கு நேர் எதிர். வேட்டைக்காரன் சிலிந்துவுக்குச் சோறு போடுவதும் அதுதான், பயமுறுத்துவதும் அதுதான். மட்டக்களப்பின் படுவான்கரையில் வேளாண்மை விளைகிற காலம் பரணில் இராக்காவல் கிடந்தவரிடம் போய் ‘யானை எவ்வளவு அழகு!’ என்று சொல்லிப்பாருங்கள், என்ன பதில் வருமென்று உங்களுக்கே தெரியும்.

அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அந்தப் பெர்மிட். காடு முடிக்குரிய சொத்தாகிவிட்டது, காட்டை வெட்டி எரித்துச் சேனைப் பயிர் செய்யக் கச்சேரியின், அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்தின், அனுமதி வேண்டும், அதற்கு ஊர்த் தலைமைக்காரன் மனம் வைக்க வேண்டும். அவனுக்குப் பிடிக்காதவனுக்குச் சேனை இல்லை, சேனை இல்லாவிட்டால் குரக்கன் இல்லை, அப்புறம் கடன் கொடுத்த முதலாளி வாசலில் வந்து நிற்பான், அவனுடைய கண் சிலிந்துவின் மகள் மேல். வயலுக்குச் சொந்தக்காரரான போடியாரிடம் விதைநெல்லைக் கடனுக்கு வாங்கி, வெட்டு முடிந்ததும் களத்திலேயே அளந்து கொடுத்துவிட்டு வெறுஞ்சாக்கோடு வீட்டுக்கு வந்த வயற்காரரின் பேரப்பிள்ளைகள்தானே எங்களில் பலர், இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

பிறகு சிலிந்துவையும் மருமகனையும் பொய்க் களவு வழக்கில் மாட்டிவிடுகிறார்கள். நீதவான் வெள்ளைக்காரர், கெட்ட மனிதர் இல்லை, எங்கேயோ இடிக்கிறது என்று அவருக்கும் படுகிறது, ஆனால் சாட்சியம் அப்படி. தலைக்கு மேலே என்ன நடக்கிறது என்று சிலிந்துவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீதவானின் ஆசனத்தில் இருந்து பார்த்தால் வாசலுக்கு வெளியே நீலக் குடா, அதற்கப்பால் முடிவில்லாத காடு. கூண்டில் நிற்கிறவன் அந்தக் காட்டுக்குள் இருந்துதான் கொண்டுவரப்பட்டவன். வுல்ஃபைப் போல அந்த ஆசனத்தில் இருந்து பழகிய ஒருவரால்தான் இந்தப் பக்கத்தை எழுதியிருக்க முடியும். என் குறையும் அங்கேதான்: அநியாயம் செய்கிற தலைமைக்காரனும் முதலாளியும் உள்ளூர் ஆட்கள், அவர்களுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்த கச்சேரி மட்டும் எங்கேயோ தூரத்தில், கையில் சேறு படாமல் இருக்கிறது.

கேள்வி: நான் ஓர் எழுதுவினைஞர். ‘ஹவர்ட்ஸ் எண்ட்’ நாவலில் லெனார்ட் பாஸ்ட் என்ற கிளார்க் கடைசியில் புத்தக அலுமாரி மேலே சரிந்து சாகிறான். வாசிக்கிற ஏழைக்கு இதுதானா கதி?
– வாசகர், கல்முனை

பதில்: அதை எழுதிய ஃபோர்ஸ்ட்டர் மேல் எனக்கும் கோபம்தான். மிகவும் ஏழைகளைப் பற்றி எங்களுக்குக் கவலையில்லை என்று அந்த நாவலுக்குள் அவரே பகிடியும் மெய்யுமாக எழுதி வைத்திருக்கிறார். ஆனால் அதே பாஸ்ட்டுக்கு ஓர் அருமையான இடமும் கொடுத்திருக்கிறார். புத்தகங்களில் படித்த இயற்கையைத் தேடி அவன் ஒருநாள் லண்டனை விட்டு இரவு முழுக்கக் காட்டு வழியே நடக்கிறான். வசதியான வீட்டுச் சகோதரிகள் ஆவலோடு கேட்கிறார்கள்: விடியல் அற்புதமாக இருந்ததா? அவன் சொல்கிறான்: இல்லை. வெறும் சாம்பல் நிறம். களைப்பு, குளிர், பசி. எனக்கு அந்த ‘இல்லை’க்காகவே அவனைப் பிடிக்கும். அவனுடைய பாட்டன் வயலில் உழுதவனோ ஆடு மேய்த்தவனோதான், பேரன் அதே வயல்வெளியைப் பார்க்கப் புத்தகம் படித்துவிட்டுப் போக வேண்டியிருக்கிறது.

நாவலின் பணக்காரர் வில்கொக்ஸ் மேற்கு ஆபிரிக்க ரப்பர் கம்பனிக்காரர் என்பதையும் கவனியுங்கள். புத்தகம் வந்த 1910இல் ரப்பர் விலை உச்சத்தில் இருந்தது, இலங்கையிலும் காட்டை வெட்டி ரப்பர் நட்டார்கள். நாவலில் அந்த ஆபிரிக்கா அலுவலகச் சுவரில் தொங்கும் ஒரு வரைபடம், அவ்வளவுதான்.

கேள்வி: எலியும் தேரையும் பேசுகிற ‘த விண்ட் இன் த வில்லோஸ்’ கதையிலுமா வர்க்கம் பார்க்கிறீர்கள்? கொஞ்சம் ஓவர் இல்லையா?
– வாசகி, திருக்கோவில்

பதில்: எழுதியவர் இங்கிலாந்து வங்கியின் செயலாளராக இருந்தவர், புத்தகம் வந்தது 1908இல். எலியார் நாள் முழுக்க ஆற்றில் படகு ஓட்டுகிறார், சாப்பாட்டுக் கூடை நிரம்பி வழிகிறது, அந்தக் காசு எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. தேரைப் பிரபுவின் மாளிகையைக் காட்டு வாசிகளான மரநாய்க் கூட்டம் பிடித்துக்கொண்டதும் மட்டும் எல்லாரும் துப்பாக்கியோடு கிளம்புகிறார்கள். சரி, ஓவர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தேரையார் சிறையில் இருந்து சலவைக்காரி வேடத்தில் தப்பி ஓடும்போது படகுக்காரி ஒருத்தி ஒரு குவியல் உடுப்பைக் காட்டி, ‘துவைத்துத் தா பார்ப்போம்’ என்கிறாளே, அந்த இடத்தை மட்டும் திரும்ப வாசியுங்கள். சவர்க்காரம் கையில் நிற்கவில்லை, முதுகு நோகிறது, கைவிரல்கள் சுருங்குகின்றன. படகுக்காரி விழுந்து விழுந்து சிரிக்கிறாள், கடைசியில் காலைப் பிடித்துத் தூக்கி வாய்க்காலில் எறிகிறாள்.