உறைந்த ஏரியின் மேல் ஓடிய ரொட்டிச் சாலை

கேள்வி: இரண்டாம் உலகப் போரின்போது லெனின்கிராட் நகருக்கு உறைந்த ஏரியின் மேல் லாரிகளில் உணவு கொண்டுபோனார்கள் என்று படித்தேன். பனிக்கட்டி அவ்வளவு பாரத்தை எப்படித் தாங்கியது? அப்படியொரு பாதை இருந்தும் லட்சக்கணக்கானோர் பட்டினியால் மடிந்தது ஏன்? (ஒரு வாசகர், தென்காசி)

பதில்: நீங்கள் படித்தது உண்மைதான். 1941 செப்டம்பர் 8 அன்று ஷ்லிஸல்பர்க் என்ற ஏரிக்கரை நகரம் ஜெர்மானியர் கையில் விழுந்தவுடன், இருபத்தைந்து லட்சம் பேர் வாழ்ந்த லெனின்கிராடுக்கு (ரஷ்யாவின் இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) தரைவழி முற்றாக அடைபட்டது. எஞ்சியது கிழக்கே இருந்த லடோகா ஏரி ஒன்றுதான். இலையுதிர் காலத்தில் படகுகள் ஓடின. நவம்பரில் நீர் உறையத் தொடங்கியதும் படகும் ஓட முடியாமல், லாரியும் ஓட முடியாமல் சில நாள்கள் கழிந்தன. அந்த நாள்களில்தான் ரொட்டிப் பங்கீடு அடிமட்டத்துக்கு இறங்கியது. நவம்பர் 20 முதல் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 250 கிராம், மற்றவர்களுக்கு 125 கிராம். அதிலும் முழுவதும் மாவு இல்லை. மரக்கூழும் பருத்திக்கொட்டைப் புண்ணாக்கும் கலந்திருந்தன.

முதலில் வீரர்கள் கயிறு கட்டிக்கொண்டு நடந்து, பனியைத் துளையிட்டு அளந்து, வழிக்கு அடையாளக் கம்புகள் நட்டார்கள். பின்பு குதிரைச் சறுக்குவண்டிகள் போயின. நவம்பர் 22 அன்று 60 லாரிகள் மேற்குக் கரையிலிருந்து புறப்பட்டு, கிழக்குக் கரையில் உள்ள கொபோனாவுக்குப் போய் 33 டன் மாவோடு திரும்பின. ஒன்றரை டன் ஏற்றக்கூடிய லாரியில் சில மூட்டைகளை மட்டுமே ஏற்றினார்கள். பாரம் ஓரிடத்தில் அழுத்தாதிருக்கப் பின்னால் சறுக்குவண்டியைக் கட்டி அதில் பகிர்ந்து வைத்தார்கள். சரக்கு ஏற்றிய குதிரைவண்டிக்கே ஒரு சாண் கனத்துக்குச் சற்றுக் குறைவான பனி தேவைப்பட்டது என்றால், லாரிக்கு எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

பனி தாங்குவதில் ஒரு புதிரும் இருந்தது. நிறைய பாரம் ஏற்றிய லாரி பத்திரமாகக் கடந்த அதே இடத்தில், பாரம் குறைந்த லாரி விழுந்து மூழ்கியது. லெனின்கிராட் இயற்பியல் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் இதை ஆராய்ந்தார்கள். நௌம் ரெய்னோவ் என்பவர் பனியின் வளைவைத் தானே பதிவு செய்யும் கருவி ஒன்றை உருவாக்கினார். லாரி போகும்போது பனித்தளம் லேசாகக் குழிந்து, அடியிலுள்ள நீரில் ஓர் அலை கிளம்புகிறது. வண்டியின் வேகமும் அலையின் வேகமும் ஒன்றாகிவிட்டால் அந்த அலை வளர்ந்து வளர்ந்து பனியைப் பிளந்துவிடும். அங்கே ஆபத்தான வேகம் மணிக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டராக இருந்தது. பாரம் ஏற்றிய வண்டி மெதுவாக ஊர்ந்ததால் பிழைத்தது; பாரம் குறைந்தது வேகம் எடுத்ததால் மூழ்கியது. பசித்திருக்கும் நகரத்துக்கு விரைந்து போக நினைத்த ஓட்டுநரின் கால்தான் எமனாயிற்று என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது. அதன் பிறகு வேகத்துக்கும் வண்டிகளின் இடைவெளிக்கும் விதிகள் வகுக்கப்பட்டன.

ஓட்டுநர்கள் கடுங்குளிரிலும் கதவைத் திறந்து வைத்தோ கழற்றிவிட்டோதான் ஓட்டினார்கள். பனி பிளந்தால் குதித்துவிட வேண்டுமே. தூக்கம் கண்ணைக் கட்டாமலிருக்க, தலைக்கு மேலே ஒரு தகரப் பாத்திரத்தைத் தொங்கவிட்டு அது ஓயாமல் கணகணக்கும்படி செய்துகொண்டார்கள் என்பார்கள். வழி நெடுகப் போக்குவரத்துக் காவலர்கள், அவர்களில் பலர் இளம்பெண்கள், பகலில் கொடியோடும் இரவில் விளக்கோடும் பனிப்புயலில் நின்றார்கள். குண்டுவீச்சும் ஓயவில்லை.

இனி உங்கள் இரண்டாம் கேள்வி. முதல் லாரிகள் கொண்டுவந்த 33 டன்னோடு நகரத்தின் தேவையை ஒப்பிட்டால் விடை தெரியும்: மிகக் குறைந்த அந்தப் பங்கீட்டுக்கே நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 டன் மாவு வேண்டியிருந்தது. ஏரியைக் கடப்பது சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனால் ஏரிக்கரைக்குச் சரக்கு வந்து சேரும் ரயில் சந்திப்பான திக்வின், நவம்பர் 8 அன்று எதிரியின் கைக்குப் போயிருந்தது. திக்வினைச் சுற்றிக்கொண்டு காட்டினூடே வெட்டிய 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தடத்தில் லாரிகள் புதைந்தும் உடைந்தும் வந்தன. டிசம்பர் 9 அன்று திக்வின் மீட்கப்பட்ட பிறகே சாலைக்கு உயிர் வந்தது. டிசம்பர் 25 அன்று 125 கிராம் 200 ஆனது. 1942 பிப்ரவரி 11 அன்று 300 ஆனது. ஆனால் மூன்று மாதம் வாடிய உடல்களை அந்தக் கூடுதல் துண்டுகளால் மீட்க முடியவில்லை. ஜனவரியிலும் பிப்ரவரியிலும் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இறந்தார்கள்.

ஆகவே, இந்தச் சாலை செய்த பேருதவி உணவு கொண்டுவந்தது மட்டுமல்ல, திரும்பும் வண்டிகளில் மனிதர்களை வெளியேற்றியதும்தான் என்பது என் எண்ணம். அந்த ஒரு குளிர்காலத்தில் 3,61,000 டன் சரக்கு உள்ளே வந்தது. ஐந்தரை லட்சம் பேர் வெளியே போனார்கள். இராணுவத்தின் கோப்புகளில் தொடக்கத்தில் 101ஆம் எண் மோட்டார் சாலையாக இருந்த தடத்தை மக்கள் ‘வாழ்வுச் சாலை’ என்றே அழைத்தார்கள்.

ஏப்ரலில் பனியின் மேல் நீர் தேங்கி, லாரிகள் சக்கரம் முங்க ஓடின. 1942 ஏப்ரல் 24 அன்று போக்குவரத்து முற்றிலும் நின்றது. கடைசி நாள்களில் வந்த சரக்கில் வெங்காயம் இருந்தது. பச்சைக் காய்கறியைக் கண்ணால் காணாமல் ஈறுகளில் இரத்தம் கசிந்த ஒரு நகரத்துக்கு அது மருந்தாக வந்தது.